கடலை அளந்தவர்கள்

ஜனவரி 9

அன்புச் சிட்டு,

நீயும் அத்தையும் சௌக்கியம்தானே? இந்தக் குளிருக்கு அத்தையின் முழங்கால் வலி கூடாமல் இருக்க வேண்டும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் இன்று வகுப்பில் கத்தியதால் வந்தது. கோபத்தில் கத்தவில்லை, சந்தோஷத்தில் கத்தினேன்.

காலையில் எங்கள் நூலகப் பயிற்சிப் பள்ளி முதல்வர் ஆசிரியர்களையெல்லாம் கூப்பிட்டார். அடுத்த கல்வியாண்டிலிருந்து கணினி கட்டாயப் பாடமாம். "எந்த மொழியில சார் நடத்தறது?" என்று கேட்டேன்.

"புத்தகம் எந்த மொழியில இருக்கோ அதுலதான். இங்கிலீஷ்ல."

"தமிழ்ல புத்தகம் இருந்தா?"

"இருந்தாப் பார்க்கலாம். செப்டம்பர்ல பாடநூல் குழு கூடுது. அதுக்குள்ள அச்சடிச்சு அவங்க முன்னாடி கொண்டாந்து வைங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா பரீட்சையவே தமிழ்ல எழுதலாம்." எழுந்து போகிற போக்கில் வேடிக்கையாகச் சொன்னார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

என் மாணவர்களைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவந்து தருவார்கள். பரீட்சைத் தாளில் ஆங்கிலத்தைக் கண்டால் பேனாவை மூடிவிடுவார்கள். போன வருடம் பாதிப் பேர் தேறவில்லை. புத்தி இல்லாமலா? மொழி இல்லாமல்.

பகுத்தல், அட்டவணைப்படுத்தல் எல்லாம் நான் எழுதிவிடுவேன். கணினி? கணக்குப் பிரிவின் கண்ணாடிக் கதவு வழியாகத்தான் அதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ காய்ச்சல்காரனைப் போல அதற்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து கணினியோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ ஒருத்திதான். பாதி நான், பாதி நீ. எழுதுவோமா?

மாட்டேன் என்று மட்டும் எழுதாதே. பதிலைப் பள்ளி முகவரிக்கே போடு, இங்கே தபால் சீக்கிரம் கைக்கு வருகிறது. அத்தைக்கு என் வணக்கம்.

உன் அண்ணி


ஜனவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

சம்மதம்! சம்மதம்! மூன்றாவது முறையும் எழுதலாம், தாள் வீணாகும். உங்கள் கடிதத்தைப் பல் தேய்க்காமலே படித்தேன், அம்மா திட்டினாள். அவள் முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைக்குப் போனால் நான்தான் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. தமிழாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் தெருவில் போகிறவர்களின் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள். உங்கள் தொண்டைக்கு வெந்நீர் குடியுங்கள்.

எனக்கு இந்த வேலை புதிதில்லை அண்ணி. துறைமுகத்தில் நான் என்ன செய்கிறேன்? கப்பலிலிருந்து இறங்கும் சரக்குப் பெட்டி எந்த வரிசையில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று கணினியைச் சொல்ல வைக்கிறேன். பெட்டிக்குப் பதில் புத்தகம், அவ்வளவுதானே!

எங்கள் பிரிவுத் தலைவரைப் 'புயல் கூண்டு' என்போம். காலையில் முகத்தைப் பார்த்தே இன்று எத்தனையாம் எண் ஏற்றியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஒன்றாம் எண் நாளாகப் பார்த்துப் போய் நின்றேன்.

"துறைமுகத்து மெஷின்ல லைப்ரரி வேலையா?"

"பெட்டியத் தேடுறதும் புத்தகத்தத் தேடுறதும் ஒண்ணுதான் சார்."

"ஞாயித்துக்கிழமை வந்து பண்ணிக்க. எதையாவது அழிச்சே, உன்னையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு ஏத்தி அனுப்பிடுவேன்."

முதல் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. நன்றாக வந்திருப்பதாக எனக்கே படுகிறது. புத்தாண்டுக்கு அண்ணனுக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பாலம் கட்டுகிறவனுக்குத் தங்கை வரைக்கும் ஒரு பாலம் போட முடியவில்லையா என்று கேளுங்கள்.

ஆவலோடு,
சிட்டு


பிப்ரவரி 6

அன்புச் சிட்டு,

தொண்டை சரியாகிவிட்டது. அதனால் உரக்கவே சொல்கிறேன்: உன் முதல் அத்தியாயம் தேறவில்லை!

முகத்தைத் தூக்காதே. தீர்ப்புச் சொன்னது நான் இல்லை. என் வகுப்பில் ஓர் அம்மா இருக்கிறாள், பல வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தவள். விடாமல் கேள்வி கேட்பதால் எல்லோரும் அவளைக் 'கேள்விக்குறி' என்பார்கள். உன் முதல் வாக்கியத்தை வாசித்தேன். 'கணினி என்பது தரவுகளை உள்ளீடாகப் பெற்று, கட்டளைத் தொகுதிக்கேற்பச் செயற்படுத்தி, வெளியீடாக வழங்கும் மின்னணுச் சாதனம்.' அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இதத் தமிழ்ல சொல்லுங்க."

"தமிழ்லதானேம்மா வாசிச்சேன்?"

"எழுத்து தமிழ்தான் டீச்சர். உள்ள ஆளு வேற."

வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தோம். நூலக அட்டை ஒன்றைக் கரும்பலகையில் பெரிதாக வரைந்தேன். மேலே ஆசிரியர், அதன் கீழே தலைப்பு, அதன் கீழே பொருள், மூலையில் அலமாரி எண். "கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதும் இந்த அட்டைதான். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம்" என்றேன். புரிந்துவிட்டது சிட்டு! அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும். எனவே 'ஃபீல்டு' என்பதற்கு நீ போட்ட 'புலம்' வேண்டாம், 'கட்டம்' என்றே எழுது. 'தரவுத்தளம்' மூன்றாம் அத்தியாயம் வரைக்கும் வெளியே நிற்கட்டும். முதலில் அட்டைப் பெட்டி. ஆள் பழகிய பிறகு பெரிய பெயரைச் சொல்லலாம்.

எங்கள் நூலகத்து அட்டைகளில் சில நூறைப் படியெடுத்துத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் உன் இயந்திரத்தில் ஏற்று. நிஜமான புத்தகங்களைத் தேடிப் பார்ப்போம். வகுப்பே உன் பதிலுக்குக் காத்திருக்கிறது.

அத்தையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதல் அத்தியாயத்தை மூன்று முறை திருப்பி எழுதிவிட்டேன். 'உள்ள ஆளு வேற' என்பதைத் தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டியிருக்கிறேன். கேள்விக்குறியிடம் சொல்லுங்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஒவ்வோர் எழுத்தையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்து நானே வரைந்து உள்ளே ஏற்றினேன். 'ணை' என்னை அழ வைத்துவிட்டது. அட்டைகளை ஏற்றி முடித்துப் போன ஞாயிறு முதல் தேடல். துறைமுகமாயிற்றே என்று 'கடல்' என்று அடித்தேன். 'ஆழ்கடல் உயிர்கள்' வந்தது. திரையைக் கட்டிப்பிடிக்கப் போனேன். ஆனால் 'கடலின் ஆழம்' வரவில்லை, 'கடலில் நூறு நாட்கள்' வரவில்லை. ஏன் தெரியுமா? நான் கேட்டது கடைசியில் புள்ளி வைத்த 'ல்'. வேற்றுமை உருபு சேர்ந்ததும் அந்தப் புள்ளி போய்விடுகிறதே!

சரி, புள்ளியை எடுத்துவிட்டு 'கடல' என்று தொடங்கும் எல்லாம் வா என்றேன். வந்தது ஐயா வெள்ளம்! 'கடலின் ஆழம்', 'கடலில் நூறு நாட்கள்', கூடவே 'கடலை எண்ணெய் எடுக்கும் முறைகள்', 'நோயில்லாத கடலைச் செடி'. மேற்பார்வைக்கு வந்த புயல் கூண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம துறைமுகத்துல கடலை எப்போ விளைய ஆரம்பிச்சுது?" என்றார். மனுஷன் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

கேளுங்கள், உச்சம் இனிமேல்தான். 'கடலை அளந்தவர்கள்' என்று ஓர் அட்டை. இது சமுத்திரத்தை அளந்தவர்களா, படி போட்டு வேர்க்கடலையை அளந்தவர்களா? எனக்கும் தெரியவில்லை, இயந்திரத்துக்கும் தெரியவில்லை!

'மரம்' என்று தேடினால் 'மரத்தில் வாழும் பறவைகள்' வராது. 'வீடு' என்றால் 'வீட்டுத் தோட்டம்' வராது. என்னிடம் இருக்கும் ஆங்கிலப் புத்தகங்களையெல்லாம் புரட்டிவிட்டேன். அவர்கள் சொல்லும் வழி நம் மொழிக்கு எட்டவில்லை. என்ன செய்யலாம்? சீக்கிரம் எழுதுங்கள்.

அண்ணன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வெளியூர் வேலையா?

சிட்டு


மார்ச் 10

சிட்டு, சிட்டு, சிட்டு,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. எல்லோரும் நலமாகவே இருங்கள்!

'கடலை அளந்தவர்கள்' கப்பலில் போய் ஆழம் பார்த்தவர்களின் வரலாறு. எனக்கு எப்படித் தெரியும்? நான் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். நீ கண்டுபிடித்தது என்ன என்று உனக்கே தெரியவில்லை போலிருக்கிறது. தலைப்பில் இருக்கும் சொல்லை மட்டும் நம்பினால் கடலும் கடலையும் ஒன்றாகிவிடும். அதனால்தான் நூலகர் ஒருவர் புத்தகத்தைத் திறந்து, அது எதைப் பற்றியது என்று முடிவு செய்து, பொருள் தலைப்புக் கொடுக்கிறார். அட்டையில் மூன்றாவது கட்டம் அதுதானே! 'பொருள்: கடல் ஆய்வு' என்று அதில் எழுதிவிட்டால், இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு சரியான புத்தகத்தைத் தரும்.

இதுவரைக்கும் என் பாதி ஒரு பக்கம், உன் பாதி ஒரு பக்கம் என்றிருந்தது. பையைத் தைக்கிறபோது இரண்டு துணியும் ஒரே ஊசியில் வருமே, அப்படி இன்று வந்து சேர்ந்துவிட்டது. கணினி வந்தால் நூலகர் எதற்கு என்று என் மாணவர்கள் பயந்துகொண்டிருக்கிறார்கள். இந்த ஓர் அத்தியாயம் போதும் அவர்கள் பயத்தைத் தீர்க்க.

உட்காரவே முடியவில்லை. அறைக்குள் இங்கும் அங்கும் நடக்கிறேன். ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடக்க என்ன இடம் இருக்கிறது! கீழே அச்சு இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை ஆடுகிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அச்சக மேலாளரிடம் பேசிவிட்டேன், ஜூலையில் கொடுத்தால் ஆகஸ்டில் அடித்துத் தந்துவிடுவாராம்.

மரத்துக்கும் வீட்டுக்கும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. யோசி.

உன் அண்ணி


ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் துறைமுக மேடையில் இங்கும் அங்கும் நடந்தேன், கிரேன் ஓட்டுநர் ஒதுங்கச் சொல்லிக் கத்தினார். பொருள் தலைப்புக் கட்டத்தைச் சேர்த்துவிட்டேன். இப்போது 'கடல் ஆய்வு' என்றால் கடலை ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை இத்துடன் அனுப்புகிறேன். கேள்விக்குறியிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக்குக் கீழே ஏது அச்சகம்?

போன ஞாயிறு உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். அண்ணன் எடுத்தான். "நல்லா இருக்கோம்" என்றான். "அண்ணியக் கூப்பிடு" என்றேன். "கிளாஸ் எடுக்கப் போயிருக்கா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை என்ன வகுப்பு அண்ணி?

சிட்டு


மே 27

அன்புள்ள அண்ணிக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பயணத்தில் ஒரு குறையுமில்லை. நீங்கள் கட்டிக் கொடுத்த ரொட்டியைப் பக்கத்து இருக்கைக் குழந்தையும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம்.

உங்களிடம் நேரில் பேசாததை எழுதுகிறேன். ஏழு வாரம் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வண்டி ஏறினேன். முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "அவர் பாலத்து வேலைக்குப் போயிருக்காரு, மாசம் ஒருக்காதான் வருவாரு. அந்தப் பொண்ணு டிசம்பர்லயே போயிடுச்சே, உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தெரியும் என்று தலையாட்டினேன்.

டிசம்பர். என்றால், உங்கள் முதல் கடிதத்துக்கும் முன்பே.

பள்ளியில் கேள்விக்குறியைப் பார்த்து விசாரித்து, அச்சகத்தைத் தேடிப் பிடித்து, மாடிப்படி ஏறும்போது என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். கதவைத் திறந்த நீங்கள் என்ன கேட்டீர்கள்? "ஏழாம் அத்தியாயம் கொண்டாந்தியா?" ஒத்திகையெல்லாம் காற்றோடு போய்விட்டது. இரண்டு நாள் முழுக்க எழுதினோம், அடித்தோம், சண்டை போட்டோம், சிரித்தோம். ஒருமுறைகூட நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். அவளுக்கும் அண்ணன் சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, "அவளோட உனக்கு இனிமே என்ன எழுத்து வேண்டிக்கிடக்கு?" என்றாள்.

ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நமக்குள் இனி ஒளிவு வேண்டாம். எட்டாம் அத்தியாயத்தை அனுப்புங்கள்.

சிட்டு


ஜூன் 8

அன்புச் சிட்டு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அத்தையின் உடம்பையும்.

எட்டாம் அத்தியாயம் இத்துடன் இருக்கிறது. பாக்கியை என்னால் தனியாகவே முடித்துவிட முடியும் என்று நினைக்கிறேன். கணினிப் பகுதியில் பெரும்பங்கை நீ எழுதிவிட்டாய். புத்தகத்தின் மேலட்டையில் உன் பெயரை மட்டும் போடலாம், அல்லது என் பெயரை மட்டும். இரண்டும் ஒன்றாக வேண்டாம். உன் வீட்டில் உனக்குத் தொந்தரவு வரக்கூடாது. நாளைக்கு உன் அண்ணன் அந்த அட்டையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். அவருக்கு ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம், அடுத்த ஊர். "வேலைய விட்டுட்டு வா" என்பார். "வகுப்ப முடிச்சுட்டு வர்றேன்" என்பேன். எந்த வருடமும் வகுப்பு முடிவதில்லையே! கெட்டவர் என்று யாரும் இல்லை. மற்றதை எழுத மாட்டேன், அது எங்கள் இருவருக்குள் இருக்கட்டும்.

உன்னிடம் சொல்லியிருந்தால், யார் பக்கம் என்று நீ யோசிக்க வேண்டி வந்திருக்கும். அந்த யோசனையில் இருப்பவளிடம் போய் 'புலமா, கட்டமா' என்று கேட்க முடியுமா? எனக்கு இந்தப் புத்தகம் வேண்டியிருந்தது. உன் கடிதங்களும் வேண்டியிருந்தன.

கேள்விக்குறி உன்னை விசாரித்தாள். "அந்த வாயாடி டீச்சர் திரும்ப எப்போ வருவாங்க?" என்றாள்.

அன்புடன்


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தின் கீழே 'உன் அண்ணி' என்று போடாமல் விட்டிருக்கிறீர்கள். அச்சுப் பிழை என்று எடுத்துக்கொண்டேன். அட்டையில் இரண்டு பெயர். இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது. அண்ணன் பார்த்தால் பார்க்கட்டும். அவன் கட்டிய பாலத்தில் நாம் நடக்கவில்லையா?

இப்போது இந்த வருடத்தின் மிகப் பெரிய செய்தி. உட்கார்ந்து படியுங்கள்!

ஞாயிறு மத்தியானம் மரம், வீடு தொல்லையை எழுதிய தாளை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அம்மா மூக்குக்கண்ணாடியோடு அதன் முன்னால் நிற்கிறாள். மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசாதவள்.

"மரம்னு தேடினா மரத்தில் வராதாமே. ஏன் வராது?"

"மரத்திலன்னா அதுவும் மரம்தான்னு மெஷினுக்குத் தெரியாதும்மா."

"அத்துச் சாரியைகூடத் தெரியாத மெஷினை வெச்சுக்கிட்டா புத்தகம் எழுதறீங்க ரெண்டு பேரும்?"

'ரெண்டு பேரும்' என்றாள் அம்மா, கேட்டீர்களா அண்ணி! நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுது. மகரத்துல முடியற பெயர்ச்சொல்லுக்கு உருபு சேர்ந்தா 'ம்' போயி 'அத்து' வரும். மரம், மரத்தில். படம், படத்தை. டுவிலயும் றுவிலயும் முடிஞ்சா ஒற்று இரட்டிக்கும். வீடு, வீட்டில். ஆறு, ஆற்றில்." இத்தனை வருடம் வகுப்புகளில் சொன்னது மழைபோலக் கொட்டுகிறது. நான் எழுதிய வேகத்தில் பேனா சூடாகிவிட்டது. அதற்கு அது விலக்கு, இதற்கு இது விலக்கு என்று சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

அத்தனையையும் இயந்திரத்துக்கு விதிகளாக எழுதிவிட்டேன். இன்று 'மரம்' என்று அடித்தேன். 'மரத்தில் வாழும் பறவைகள்', 'மரங்களின் நோய்கள்', எல்லாம் வரிசையாக வந்து நின்றன! வேலை செய்கிறது அண்ணி! நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. நம் பதினோராம் அத்தியாயம் இதுதான்.

எழுந்து போகும்போது அம்மா, "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாதே" என்றாள். அதனால் நான் சொல்லவில்லை.

உங்கள் நாத்தனார்தான்,
சிட்டு


ஆகஸ்ட் 24

அன்புச் சிட்டு,

இத்தனை நாள் எழுதாததற்கு இந்த முறை ஒரே காரணம், அச்சுத்தாள் திருத்தம். கண்ணைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

புத்தகம் வந்துவிட்டது! முதல் பிரதி இத்துடன் வருகிறது. எடுத்ததும் முகர்ந்து பார், மை வாசம் இன்னும் போகவில்லை. 'சிறு நூலகமும் கணினியும்', கீழே இரண்டு பெயர். கட்டுப் பிரித்தபோது அச்சக மேலாளர், நான், கேள்விக்குறி மூவரும் குழந்தைகளைப் போல ஆளுக்கொன்றைப் பிடுங்கிக்கொண்டோம். சொல்லடைவை என் மாணவர்களே தயாரித்தார்கள். மகிழ்ச்சியில் 'கடலை' என்ற சொல்லுக்கு மட்டும் பக்க எண்ணோடு ஓர் ஆச்சரியக்குறியும் போட்டுவிட்டார்கள், எடுக்க மனம் வரவில்லை.

முன்னுரையில், பதினோராம் அத்தியாயத்துக்கு உதவிய 'ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு' நன்றி எழுதியிருக்கிறேன். யாரென்று எனக்குத் தெரியாதல்லவா!

பாடநூல் குழு செப்டம்பர் பதினாறாம் தேதி கூடுகிறது. புத்தகம் மட்டும் போதாதாம், தேடலைச் செய்தும் காட்ட வேண்டுமாம். அவர்கள் அலுவலகத்துக் கணினியில் முன்கூட்டியே நம் நிரலை ஏற்றிவைக்க நீ வர வேண்டும். அன்றைக்கு என் பக்கத்திலும் நீ இருக்க வேண்டும். பேச வேண்டியதைக் கேள்விக்குறியிடம் இப்போதே ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணி


செப்டம்பர் 17

என் தங்கமே சிட்டு,

கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்ததா? நீ நலமா? நிரலை ஏற்றிவைத்த அன்றைக்கே, கப்பல் வருகிறது என்று புயல் கூண்டு தந்தி அடித்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டதை நான் மன்னிக்கவே மாட்டேன் என்றிருந்தேன். இப்போது மன்னித்துவிட்டேன். இன்றைக்கு நான் யாரையும் மன்னிப்பேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நீள மேசை, குழு உறுப்பினர்கள், நடுவில் தலைவி. ஓரத்தில் கணினி, அதன் முன்னால் நான். கதவுக்கு வெளியே என் வகுப்பு முழுவதும் நிற்கிறது. சன்னக் கண்ணாடி போட்ட உறுப்பினர் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் இங்கிலீஷ்லயே நல்லா இருக்கே, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றார். தலைவி, "முதல்ல பார்ப்போம்" என்றார்.

"நான் ஒரு வார்த்தை அடிக்கலாமா?" என்று அந்தக் கண்ணாடிக்காரரே எழுந்து வந்தார். 'ஆறு' என்று அடித்தார். வேண்டுமென்றேதான் செய்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இயந்திரம் உறுமுகிறது, உறுமுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. 'சிட்டு, கைவிட்டுட்டியேடி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது வந்தது, பொருள் கட்டத்தை வைத்து நீ கேட்க வைத்த கேள்வி! 'எந்தப் பொருளில்? ஒன்று, நீர். இரண்டு, எண்.' அவர் ஒன்றை அழுத்தினார். 'ஆற்று மணல்', 'ஆற்றங்கரை நகரங்கள்', 'ஆறுகளின் பிறப்பு'. இரண்டை அழுத்தினார். 'ஆறு நாடகங்கள்' மட்டும் தனியாக வந்து நின்றது.

பிறகு அவர் திரும்பி உட்காராமல் 'காடு' என்று அடித்தார், 'பணம்' என்று அடித்தார், 'கிணறு' என்று அடித்தார். எழுந்துபோகச் சொன்னாலும் போகமாட்டார் போலிருந்தது. கடைசியில், "இதை எந்த வெளிநாட்டுப் புத்தகத்துலேர்ந்து எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எதுலயும் இல்ல சார். அவங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லையே, எப்படி எழுதுவாங்க?"

தலைவி முன்னுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓய்வுபெற்ற தமிழாசிரியைன்னு போட்டிருக்கீங்களே, யாரு அவங்க? பேர் சொல்ல மாட்டீங்களா?"

நான் யோசிக்கவே இல்லை சிட்டு. வாய் முந்திக்கொண்டது. "எங்க அத்தை" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. தலைவி குறித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கியது, திரையைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஏற்றுக்கொண்டார்கள்! வரும் ஆண்டு பரீட்சையைத் தமிழில் எழுதலாம். எதிர்த்துப் பேசியவர்தான் முதலில் கையெழுத்துப் போட்டார். கதவைத் திறந்து சொன்னேன். கேள்விக்குறி, "நிஜமாவா டீச்சர்? நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு வேறு கேள்வி தோன்றவில்லை. பிறகு என்னைத் தூக்கிவிட்டாள். பேருந்தில் எத்தனை மூட்டையைத் தூக்கியிருப்பாளோ, நான் எம்மாத்திரம்!

அத்தையிடம் நீயே சொல்லிவிடு. நான் அப்படிச் சொன்னது தவறு என்றால், மன்னிப்பையும் என் சார்பில் நீயே கேட்டுவிடு.

உன் அண்ணி


அக்டோபர் 3

ஆசிரியைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் நலம்.

உன் கடிதத்தைச் சிட்டு எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். இரண்டு தடவை. மூன்றாம் தடவை நானே வாங்கிப் படித்தேன். என் மகன் என் மகன்தான். நீ வீட்டை விட்டுப் போனது சரிதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. குழுவின் முன்னால் நீ சொன்னது தவறில்லை. அவன் கேட்டால், நானே அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். நன்றாக இருக்கிறது. கணினி எனக்கே புரிகிறது என்றால் பார்த்துக்கொள். ஆனால் முப்பத்தோராம் பக்கத்தில் 'தேடி பார்' என்று இருக்கிறது. 'தேடிப் பார்' என்று ஒற்று மிக வேண்டும். தேடுவதைப் பற்றிய புத்தகத்திலேயே இப்படியா? பதினோராம் அத்தியாயத்தில் 'கண்', 'கல்' போன்ற குறுஞ்சொற்களை விட்டுவிட்டீர்கள். அதற்குத் தனி விதி உண்டு. இவற்றையெல்லாம் கடிதத்தில் எழுதி முடிக்க முடியாது.

முன்னுரையில் என் பெயரைப் போடாமல் விட்டது நல்லதுதான். அடுத்த பதிப்பில் போடு.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நிலையத்துக்கு வந்து நில். பெட்டி கனமாக இருக்கும், அகராதியை எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அத்தை